துக்கத்துக்குப் போன ஜீப் வாடகை

தப்பு என்னுடையதுதான், அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். "எந்தத் தேதி, எந்த ஊரு, எவ்வளவு செலவு, எதுக்காகப் போனீங்க, இந்த நாலையும் ஒரு டைரியில எழுதி வையுங்கம்மா, போதும்" என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார். நானும் எழுதி வைத்தேன். எதற்காகப் போனேனோ அதையே எழுதி வைத்தேன். உள்ளதை உள்ளபடி எழுதினால் வம்பில் மாட்டுவோம் என்று யாராவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் மிளகுக் கமிஷன்காரி. குடியிருப்பது காளப்பநாயக்கன்பட்டி, பிழைப்பு கொல்லிமலைக்கு மேலே. மிளகு விளைகிற வீடுகளுக்குப் போய், நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று கடித்துப் பார்த்து, விலை பேசி, எடை போட்டு, மூட்டையை ஒரு மசாலா கம்பெனிக்கு ஏற்றி விடுவது என் வேலை. முன்பு அதே கம்பெனியின் கொள்முதல் மையத்தில் சம்பளத்துக்கு பில் போட்டுக்கொண்டிருந்தவள்தான். ஒரு நாள் மையத்தை மூடினார்கள். "மலைக்காரங்க அத்தனை பேரும் உங்களுக்குப் பழக்கம். கமிஷனுக்குப் பண்ணுங்களேன், இனி நீங்களே முதலாளி" என்றார்கள். நல்லா முதலாளி ஆனேன் போங்க! லீவு போச்சு, போனஸ் போச்சு, பெட்ரோல் என் தலையில் விடிந்தது.

கமிஷன் கொடுக்கும்போதே கம்பெனி வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். வருஷ முடிவில் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்க வேண்டும். வந்த கமிஷனிலிருந்து தொழிலுக்காக அலைந்த செலவைக் கழித்தால், வரியே வேண்டாம் என்கிற கோட்டுக்குச் சற்றே கீழே நிற்பேன். கழிக்க விடவில்லை என்றால் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விழுவேன். என் தொழிலில் அலைச்சலைத் தவிர வேறு செலவு கிடையாது. கடை இல்லை, ஆள் இல்லை, ஒரு ஸ்கூட்டர், ஒரு தராசு. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிச் சோளக்காடு, அங்கிருந்து மண்பாதையில் நாடு நாடாகச் சுற்ற வேண்டும். மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. லோடு இருந்தால் பிக்கப் வாடகை, மழையில் ஸ்கூட்டர் ஏறாத ஊருக்கு ஜீப் வாடகை. வருஷத்துக்கு இரண்டு லட்சம் இப்படியே ரோட்டில் போகும்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய கணக்குக்குத்தான் நோட்டீஸ் வந்தது. போன வருஷம் வெயில் காலத்தில், என் போனுக்கு. பயணச் செலவுக்கு ஆதாரம் காட்டச் சொல்லி. இப்போதெல்லாம் ஆபீசர் எதிரே உட்கார்ந்து கை கட்டிப் பேசுகிற வழக்கம் இல்லை. அவர் எந்த ஊரில் இருக்கிறார், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. கேள்வி கம்ப்யூட்டரில் வரும், பதிலைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஆடிட்டர் என் டைரியை வாங்கி, பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணி அப்படியே ஏற்றிவிட்டார். ஒரு பக்கமாவது படித்துப் பார்த்திருக்கலாம். படிக்கவில்லை.

மார்கழி பிறந்த சமயத்தில் அடுத்த நோட்டீஸ். ஆடிட்டர் போனில் சொல்லாமல் நாமக்கல்லுக்கு வரச் சொன்னார். போனில் சொல்லாத சேதி நல்ல சேதியாக இருந்ததாகச் சரித்திரமே இல்லை. 

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். டைரியில் பத்தொன்பது இடங்களைக் குறித்துக் கேட்டிருந்தார்கள். "எடப்புளி, துக்கம், ஜீப் வாடகை." "சோளக்காடு தாண்டி, காது குத்து, பெட்ரோல்." "கல்யாணம், பிக்கப் வாடகை." "கெடா வெட்டு." எல்லாம் என் கையெழுத்து. இவையெல்லாம் சொந்த விசேஷங்களுக்குப் போன செலவாகத் தெரிகிறது, சொந்தச் செலவையும் தொழில் செலவையும் கலந்து எழுதிய டைரியை நம்புவதற்கில்லை, ஆகவே பயணச் செலவு மொத்தத்தையும் ஏன் தள்ளக் கூடாது என்று கேள்வி. பதில் சொல்லப் பதினைந்து நாள்.

"ஏம்மா, இப்படியா எழுதுவாங்க? பார்ட்டியைப் பார்க்கப் போனேன்னு எழுதியிருந்தா முடிஞ்சு போச்சு."

"நீங்க படிச்சுப் பார்க்காமலா ஏத்துனீங்க?"

"நூத்தி எண்பது பக்கம்மா!"

"எழுதுன எனக்கு அது நூத்தி எண்பது பக்கம் இல்லீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு மேல் சண்டை போட்டால் யார் நமக்குப் பதில் எழுதிக் கொடுப்பது என்று வாயை மூடிக்கொண்டேன். மொத்தமும் தள்ளினால் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். வரி, வட்டி, தப்பாகக் காட்டியதற்கு அபராதம். லட்சத்தைத் தொடும் என்றார்.

லட்சம் என்பது எனக்கு வெறும் எண் இல்லை. மலையில் கையில் காசு வைத்தால்தான் மூட்டை நகரும். கம்பெனி எனக்குப் பணம் போடப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளைத் தாண்ட வைப்பது என் கையிருப்பு, அதைச் சுழற்றிச் சுழற்றித்தான் சீசனை ஓட்டுவேன். தை பிறந்தால் மிளகு இறங்க ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் அதிலிருந்து லட்சத்தை உருவினால் நான் வெறுங்கையோடு மலை ஏற வேண்டியதுதான். ஒரு சீசன் ஒரு வீட்டில் மிளகு எடுக்கவில்லை என்றால் அடுத்த சீசன் அந்த வீட்டு வாசலில் வேறொருவன் தராசு தொங்கும். யா அல்லா, ஒன்பது வருஷமாகக் கட்டின தொழில் ஒரு டைரியால் போகப் போகிறதே என்று இருந்தது.

ஆடிட்டருக்கு நான் எதைத்தான் விளக்குவது? மலையில் மிளகு போடுகிற வீட்டில் சாவு விழுந்தால், அந்த வீட்டுக்கு யார் யாவாரியோ அவர்தான் வண்டி விட வேண்டும். சொந்தபந்தம் நாலு நாட்டில் சிதறிக் கிடக்கும். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. யாவாரி ஒரு ஜீப்பைப் பிடித்து நாள் முழுக்க விட்டால்தான் தாய்மாமனும் பங்காளியும் அடக்கத்துக்குள் வந்து சேர முடியும். இதை யாரும் கேட்க மாட்டார்கள். விடாவிட்டால் ஒரு சொல் திட்டவும் மாட்டார்கள். அடுத்த தடவை போனால் "மிளகு இல்லீங்களே, போட்டாச்சே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அவ்வளவுதான். கல்யாணத்துக்குச் சாமான் ஏற்ற பிக்கப், காது குத்துக்கு முகம் காட்டுவது, எல்லாம் இதே கதைதான். அங்கே ஹலால் இல்லாத கறிச்சோறு எனக்கு ஆகாது, ரசமும் மோரும் ஊற்றிக்கொண்டு எழுந்திருப்பேன். ஆனாலும் இலை முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். நான் அதை வேலை என்றுதான் வைத்திருந்தேன். துக்கம் என்று எழுதும்போது கூட, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்றுதான் எழுதினேன்.

கேட்டுவிட்டு ஆடிட்டர் யோசித்தார். "அப்ப அந்த வீட்டுக்காரங்க கிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க. பத்தொன்பதுக்கும். ஒன்னு குறைஞ்சாலும் சந்தேகம் நிக்கும், மொத்தமும் போயிரும்." கடிதத்தின் வாசகத்தை அவரே தட்டச்சு செய்து கொடுத்தார். மேற்படி தேதிகளில் இவர் எங்கள் இல்லத்திற்கு வியாபார நோக்கத்திற்காக மட்டுமே வந்தார் என உறுதி கூறுகிறேன், இப்படிக்கு. தேதி மட்டும் வீட்டுக்கு வீடு மாறும்.

பத்தொன்பது பயணம் எட்டு வீட்டில் அடங்கியது. ஏழு வீட்டில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கேலிதான். ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "ஏனுங் பாயம்மா, உள்ள புடிச்சுப் போட்டா மிளகுக் காசு யாருகிட்ட வாங்கறது?" என்றார். இன்னொரு வீட்டில் காது குத்தின பெண் குழந்தையைக் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தி, "பாருங்க, இந்தக் காதுக்குத்தான் வரியாமா!" என்று ஊரையே சிரிக்க வைத்தார்கள். நானும் சிரித்தேன். கல்யாணம், காது குத்து, கெடா வெட்டு என்றால் சிரித்துவிடலாம். எல்லாரும் நன்றாக இருக்கிற வீடுகள்.

எட்டாவது வீடு எடப்புளி நாட்டில். நாலு பயணம் அந்த ஒரு வீட்டுக்கு. அடக்கம், மூணாம் நாள், பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமான் ஏற்றின நாள், காரியம் நடந்த நாள். நாலும் ஜீப் வாடகை, நாலும் துக்கம் என்று எழுதியது. பத்தொன்பதில் பெரிய தொகைகள் அவைதான்.

அந்த வீட்டுக்காரர்தான் நான் கமிஷனுக்கு வந்த முதல் வருஷம் என்னை நம்பி முதல் மூட்டை போட்டவர். "பொம்பளை யாவாரமா?" என்று மற்றவர்கள் இழுத்தபோது, "அவ பில்லுப் போட்டப்பவே ஒரு கிலோ மாறுனதில்ல, இப்ப மாறுவாளா?" என்று சொல்லி வாயை அடைத்தவர். மிளகு சீசன் நடுவில் ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த அக்கா என்னைக் கண்ணு என்பார். என் கூடப்பிறந்தவர்கள் கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்த அக்காவிடம் போய், உங்கள் வீட்டுக்காரர் செத்த அன்றைக்கு நான் வியாபாரத்துக்காக மட்டுமே வந்தேன் என்று எழுதிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? இன்றைக்குப் போகலாம் என்று கிளம்புவேன், வேறு வீட்டுக்கு வண்டியைத் திருப்பிவிடுவேன். பதிமூன்று நாள் இப்படியே ஓடியது. என் வீட்டுக்காரர், "ஒரு கையெழுத்துதானே, என்னமோ கிட்னி கேக்கப் போற மாதிரி நடுங்குற" என்றார். நீங்களே போய் வாங்கிட்டு வாங்களேன் என்று கத்தினேன். அவர் அன்றைக்கு முழுதும் என் பக்கமே வரவில்லை.

கடைசியில் பதினாலாம் நாள். மறுநாள் காலை பத்து மணிக்குள் கடிதம் கையில் வந்தாக வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். சாயங்காலத்தோடு கம்ப்யூட்டரில் கெடு முடிகிறது. கிளம்பும்போதே பொழுது மத்தியானம் ஆகிவிட்டது. மலை ஏற ஏறப் பனி மூடியது. நாற்பதாவது வளைவு வரைக்கும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். அதற்கு மேல் எதிரே வரும் பஸ்ஸின் லைட் தெரியாமல் பயத்தில் எல்லாம் மறந்து போனது. சோளக்காட்டில் நின்று ஒரு டீ வாங்கினேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை, கொட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அக்கா வாசலில் தார்ப்பாயில் காயப்போட்ட மிளகைக் குவித்துக்கொண்டிருந்தார். முதல் பறிப்பு.

"வா கண்ணு. என்ன இந்தப் பொழுதுல? விலை ஏறிப்போச்சா?"

"இல்லீங்க்கா. சும்மாதான்."

சும்மாவா! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் உள்ளே போய் டீ வைத்துக் கொண்டுவந்தார். நான் மிளகைப் பற்றிப் பேசினேன், பனியைப் பற்றிப் பேசினேன், ரோடு மோசம் என்றேன். போன் அடித்தது. மலையில் மற்ற நாளெல்லாம் சிக்னலே கிடைக்காது, அன்றைக்கு மட்டும் பார்த்துக் கிடைத்தது. எடுக்காமல் அமுக்கினேன். மறுபடி அடித்தது.

"யாரு, ஊட்டுலயா? எடுத்துப் பேசு."

"ஆடிட்டருங்க்கா."

"அவரு எதுக்கு உன்னையத் தொரத்துறாரு?"

இதற்கு மேல் ஒளித்து வைக்க முடியவில்லை. நோட்டீஸ், டைரி, பத்தொன்பது, லட்சம், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். கடிதத்தை மட்டும் கடைசியில் எடுத்தேன். வாசித்துக் காட்டட்டுமா என்றதற்கு, "எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், குடு" என்று கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினார்.

வாய்விட்டுத்தான் படித்தார். எழுத்துக் கூட்டிக் கூட்டி. தேதிகள் வந்த இடத்தில் நிறுத்தினார். விரலை மடக்கினார். "இது அவரு போன நாளு. இது மூணாம் நாளு. இது பந்தல் சாமான் ஏத்துன நாளு. இது காரியம்." பிறகு கீழ் வரிக்குப் போனார். வியாபார நோக்கத்திற்காக மட்டுமே வந்தார். அதை இரண்டு தடவை படித்தார். நான் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.  எழுந்து ஓடிவிடலாமா என்று கூடத் தோன்றியது.

"அப்ப அன்னைக்கு நீ யாவாரத்துக்குத்தான் வந்தியா?"

"இல்லீங்க்கா! சத்தியமா இல்ல. ஆடிட்டரு அப்படித்தான் எழுதணும்னு சொன்னாரு. நான் துக்கத்துக்குத்தான் வந்தேன். டைரியில கூடத் துக்கம்னுதான் எழுதியிருக்கேன். அதனாலதான் இந்த வம்பே."

"கோவத்துல கேக்கல கண்ணு. தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்குறேன். நல்லா யோசிச்சுச் சொல்லு."

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். எடைக்கல்லில் சண்டை வந்தால் நாலு ஆம்பிளைகளுக்குப் பதில் சொல்வேன்.  ஆனால் அக்கா யோசிக்கச் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தது அழுகை இல்லை. அது நான் யாரிடமும் சொல்லாத ஒன்று. என் வீட்டுக்காரரிடம் கூடச் சொன்னதில்லை. அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அழத்தான் வந்தேங்க்கா. நெசமாத்தான் அழுதேன். ஆனா உள்ள பொம்பளைங்களோட உக்காந்திருந்தப்ப, சுவத்தோரமா மூட்டை அடுக்கியிருந்துச்சு. அத எண்ணுனேன். அவரு கெடக்குறாரு, நான் மூட்டைய எண்ணிக்கிட்டு இருந்தேன். இதையெல்லாம் இப்ப யாரு வாங்கப் போறாங்களோன்னு. பதினோரு மூட்டை."

 எழுந்து போ என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் போயிருப்பேன், லட்சம் போனாலும் போகட்டும் என்று.

அக்கா கடிதத்தை மடித்தார். மிளகில் கிடந்த ஒரு காம்பைப் பொறுக்கி எறிந்தார்.

"பன்னெண்டு கண்ணு" என்றார். "ஒன்னு கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. அவரக் கெடத்த எடம் பத்தலைன்னு நாந்தான் தள்ளி வெச்சேன். நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். பன்னெண்டு மூட்டை இருக்கு, பதினாறு முடியற வரைக்கும் யாரு கையையும் ஏந்த வேண்டாம்னு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் அழவில்லை. மூட்டைக் கணக்கை ஒப்பிப்பதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இதுல கையெழுத்துப் போட மாட்டேன்" என்று கடிதத்தை என் மடியில் வைத்தார்.

 பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வேறு கடிதம் அடித்து வர நாமக்கல் போய்த் திரும்ப வேண்டும். நாளைக்குக் காலைக்குள் நடக்கிற காரியமா? "அக்கா, ஆடிட்டருகிட்டச் சொல்லி வேற மாதிரி…" என்று நான் ஆரம்பிப்பதற்குள், "வெள்ளைத் தாளு இருந்தாக் குடு" என்றார்.

எடைச் சீட்டுப் புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன். தாளைக் கிழித்து, தராசுத் தட்டின் மேல் வைத்து எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக. ஆடிட்டர் மூன்றாவது தடவையாகப் போன் அடித்தார், நான் போனையே அணைத்து வைத்தேன். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்கும் மூணாம் நாளும் சாமான் ஏத்துன நாளும் பதினாறுக்கும் இவங்க ஜீப்பு விட்டாங்க. மிளகு வாங்குற யாவாரி சாவுக்கு வண்டி விடறது எங்க ஊரு வழக்கம். இவங்க வந்து அழுதாங்க. வண்டி விடாம இருந்திருந்தா அந்தப் பன்னெண்டு மூட்டையை இவங்களுக்குப் போட்டிருக்க மாட்டேன்.

கடைசி வரியில் நின்றுவிட்டேன். இரண்டு வருஷமாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், அழுது துடித்த அந்த வீட்டில் நான் ஒரு தங்கை மாதிரி நின்றேன், அதனால்தான் அந்த மிளகு எனக்கு வந்தது என்று. இதோ எழுதியே கொடுத்துவிட்டார். வலித்தது. மூட்டையை எண்ணினவளுக்கு வலிக்க என்ன உரிமை இருக்கிறது என்றும் தெரிந்தது, இருந்தாலும் வலித்தது.

"மூஞ்சி ஏன் சுருங்குது? இல்லாததையா எழுதிட்டேன்?"

"இல்லீங்க்கா. உள்ளதத்தான் எழுதியிருக்கீங்க."

"பின்ன என்ன? டீ ஆறிப்போச்சு பாரு, வேற வெச்சுத் தாரேன். பனி இன்னும் எறங்கறதுக்குள்ள கெளம்பு சாமி."

குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். இறங்கும்போது ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டி, தாள் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். அப்புறம் அங்கேயே நின்று நன்றாக ஒரு பாட்டம் அழுதேன். அந்த மனுஷர் செத்த அன்றைக்குக் கூட அப்படி அழவில்லை.

மறுநாள் ஆடிட்டர் தாளைப் படித்துவிட்டு முதலில் முகத்தைச் சுளித்தார். "சாவுன்னு எழுதியிருக்காங்களேம்மா" என்றார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுதாம்மா வேணும்! நான் அடிச்சுக் குடுத்தது எல்லாம் சும்மா. வண்டி விடலைன்னா மிளகு இல்லைன்னு விக்கிறவங்களே சொல்றாங்க, இதுக்கு மேல தொழில் செலவுக்கு என்ன ஆதாரம்?" மற்ற ஏழு கடிதத்தையும் ஓரமாக வைத்துவிட்டு அக்காவின் தாளைத்தான் முதல் பக்கமாக ஏற்றினார். அந்தச் சாயங்காலம் வரைக்கும் நான் அவர் ஆபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. அதுவரைக்கும் போன் சிணுங்கினால் அதுதானோ என்று ஓடிப் போய்ப் பார்த்தேன். தை பிறந்து மிளகு இறங்க ஆரம்பித்தது. கையிருப்பைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி மூட்டைகளைத்தான் எடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் சேதி வந்தது. பயணச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பதும் தொழில் செலவு. யாரென்றே தெரியாத அந்த ஆபீசருக்கு இருந்த இடத்திலிருந்தே துஆ செய்தேன். மறுநாள் சோளக்காட்டுக்குப் போய் மீதி மூட்டைகளையும் எடுத்தேன். அக்கா வீட்டு மிளகும் அதில் வந்தது. விலையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கேட்டார். பேரம் பேசி மூன்றில் முடித்தேன்.

ஆடி மாதம் அடுத்த கணக்குக்கு ஆடிட்டரிடம் போனேன். இந்தத் தடவை டைரியை அவர் வரி வரியாகப் படித்தார். பட்ட சூடு. மார்கழிப் பக்கத்தில் நிறுத்தி, "இது என்னம்மா, அடிச்சு விட்டிருக்கீங்க?" என்றார். கடிதம் வாங்க எடப்புளிக்குப் போன நாள். கிலோமீட்டரும் பெட்ரோலும் எழுதி, பிறகு நானே குறுக்கே கோடு போட்டிருந்தேன்.

"அது வேண்டாங்க. அதைக் கழிக்காதீங்க."

"ஏம்மா, வரிக் கணக்குக்காகவே போன பயணம். இந்த டைரி முழுக்கத் தேடினாலும் இத மாதிரி சுத்தமான தொழில் பயணம் வேற கிடையாது. எவனும் கேள்வி கேக்க முடியாது."

"கேக்க மாட்டாங்க, தெரியும்" என்றேன். "அது மட்டும் என் சொந்தச் செலவுங்க."